கோயில் வீடாகும்போது

ஒரு நூலைத் திறனாய்வு செய்வதுபோல ஒரு கட்டடத்தையும் திறனாய்வு செய்ய இயலும். படைத்தவரின் எண்ணம் என்ன, அதைச் சொல்ல அவர் கையாண்ட முறை என்ன, அவர் சொல்லாமல் விட்டது என்ன என்று கேட்பதே திறனாய்வு எனில், சுவரும் சாளரமும் அதற்கு விலக்கல்ல. இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் படைப்பு நெதர்லாந்து நாட்டின் உட்ரெக்ட் நகரில் உள்ளது. பெமூர்டெ வேர்ட் என்னும் பகுதியில் 1870-இல் எழுந்த சிறிய கோயில் அது; கத்தோலிக்க மரபைச் சேர்ந்தது; புனித யாக்கோபின் பெயரைத் தாங்கியது. 1991-இல் அங்கு வழிபாடு நின்றது. பின்னர், பழைய அறைகலன்களின் விற்பனைக் காட்சிக்கூடமாகவும், கூட்டங்களும் சிறு இசை நிகழ்ச்சிகளும் நடக்கும் இடமாகவும் அது இருந்துவந்தது. 2007-இல் அதைக் குடியிருப்பாக மாற்ற வழி திறந்தது. உட்ரெக்ட் நகரின் 'செக்' என்னும் கட்டடக் கலைஞர் குழுவினர் அதை வீடாக்கினர். டச்சு மொழியில் அதற்கு 'வோன்கெர்க்' என்று பெயரிட்டனர். குடியிருப்புக் கோயில் என்பது அதன் பொருள்.

கட்டடக் கலை இதழ்கள் இவ்வீட்டைப் பெரிதும் பாராட்டின. உயர்ந்த வளைவுக் கூரை அப்படியே நிற்கிறது. வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் பழைய ஒளியையே இன்றும் உள்ளே விடுகின்றன. சுவர்களுக்கும் கூரைக்கும் வெண்மை பூசியிருக்கிறார்கள். நடுவில் இடைத்தளம் ஒன்றை அமைத்து, உறங்கவும் குளிக்கவும் தேவையான அறைகளை அடக்கியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் மக்கள் முழந்தாளிட்ட தளத்தில் இன்று உணவு மேசையும் சாய்விருக்கையும் இருக்கின்றன.

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் வாழும் நமக்கு இது விந்தையான செய்தி. நம் பங்குகளில் ஞாயிறு காலைத் திருப்பலிக்குச் சற்றுத் தாமதமாக வருவோர்க்கு உள்ளே இடம் கிடைப்பதில்லை; வாசலிலும் முற்றத்துப் பந்தலிலும் நின்றே பங்கெடுக்கிறார்கள். மனைகள் பெருகப் பெருக, ஒரு பங்கு இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து செங்கற்பட்டு மறைமாவட்டம் 2002-இல் தனியே பிரிக்கப்பட்டதும் இப்பெருக்கத்தின் ஒரு விளைவே எனலாம். இத்தகைய ஊரில் இருந்துகொண்டு, கோயில் ஒன்று வீடான கதையை நாம் ஏன் ஆராய வேண்டும்? அக்கதை நமக்கு மிக அருகில் இருப்பது என்பதுதான் காரணம். எவ்வாறு என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

கோயில் என்ற சொல்

முதலில் மொழியிடம் கேட்போம். 'கோயில்' என்பது 'கோ'வின் 'இல்'. அரசன் வாழும் இல்லம். சிலப்பதிகாரத்தில் இச்சொல் அரசனின் அரண்மனையையும் குறிக்கிறது. தெய்வம் உறையும் இடத்தையும் குறிக்கிறது. 'ஆலயம்' என்னும் வடசொல்லுக்கும் உறைவிடம் என்பதே பொருள். ஆகவே, தமிழில் கோயில் என்று சொல்லும்போதே வீடு என்றும் சொல்லிவிடுகிறோம். மறுபுறம், 'வீடு' என்ற சொல்லோ அறம், பொருள், இன்பம் என்னும் மூன்றையும் கடந்த நான்காவது பேற்றுக்கும் பெயராக நிற்கிறது. விடுதலையும் குடியிருப்பும் ஒரே சொல்லில் அடங்கிய மொழி நம்முடையது.

இவ்வாறு பார்த்தால், கோயில் வீடாயிற்று என்னும் செய்தியில் தமிழ்ச் செவிக்கு அதிர்ச்சி குறையும், கேள்வி கூடும். வீடாக இருந்ததுதான் மீண்டும் வீடாகியிருக்கிறது. ஆனால், யாருடைய இல் அது? முன்பு அந்த இல்லத்தின் தலைவர் யார்? அவருடைய விருந்தினர் யார்? அவர்கள் எங்கே போனார்கள்? உட்ரெக்ட் வீட்டைப் பற்றி எழுதப்பட்டவற்றை இக்கேள்விகளோடு படிக்கும்போதுதான் அவற்றின் நிறையும் குறையும் தெரிகின்றன.

நிறையும் குறையும்

நிறையை முதலில் கூறுவது திறனாய்வாளன் கடமை. பயன்பாடு இழந்த கோயிலுக்கு மேலை நாடுகளில் காத்திருக்கும் முடிவுகள் சில. இடித்துத் தரைமட்டமாக்கி, மனையை விற்றுவிடலாம். வணிகக் கூடமாக்கலாம். மாஸ்டிரிக்ட் நகரில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தொமினிக்கன் சபைக் கோயில் இன்று புத்தகக் கடை. லண்டனில் மேஃபேர் பகுதியின் புனித மாற்கு கோயில் 2019 முதல் உணவுச் சந்தை. இவற்றோடு ஒப்பிட, வீடாக மாறியது அத்துணைக் கொடுமையன்று. ஒரு வீட்டில் குழந்தை பிறக்கிறது, நோயாளி உறங்குகிறார், மூத்தவர் இறக்கிறார். மனித வாழ்வின் பெரு நிகழ்வுகள் அங்கே தொடர்கின்றன. கட்டடக் கலைஞர்களும் பழையதை மறைக்க முயலவில்லை. கூரையின் உயரத்தைத் துண்டாடிப் பல அடுக்குகளாக்கி விற்றிருக்கலாம். அதை அவர்கள் செய்யவில்லை. வெற்றிடத்தின் பெருமையை உணர்ந்தவர்களின் கைவேலை அது.

குறை எங்கே? கட்டடத்தைக் காட்டிலும் கட்டடத்தின் வரலாற்றைச் சொன்ன முறையில்தான் குறை இருக்கிறது. அவ்வீட்டைப் பற்றிய குறிப்புகளில் ஆண்டுகள் வருகின்றன: 1870, 1991, 2007. முதல் ஆண்டுக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் இடையே 121 ஆண்டுகள். அந்த 121 ஆண்டுகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எத்தனை குழந்தைகளின் தலையில் அங்கே திருமுழுக்குத் தண்ணீர் விழுந்தது? எத்தனை இணையர் கைப்பிடித்தனர்? 1940 முதல் 1945 வரை அந்நாடு செர்மானியரின் பிடியில் இருந்தபோது அப்பீடத்தின் முன் யார் யாருக்காக அழுதார்கள்? 1991-இல் நடந்த கடைசி வழிபாட்டில் கடைசியாக எழுந்து வெளியே போனவர் எவர்? கண்ணாடியின் நிறத்தையும் கூரையின் வளைவையும் சொல்லத் தெரிந்த எழுத்துக்கு இவை தேவையற்றவையாகத் தோன்றியிருக்கின்றன. கோயிலின் வரலாறு கல்லின் வரலாறாகச் சுருங்கிவிட்டது. விற்பனைக்கு வந்த பொருளின் முன்கதையாக அது சொல்லப்பட்டதே இதற்குக் காரணம்.

ஆங்கிலக் கவிஞர் பிலிப் லார்கின் 1954-இல் எழுதி, 1955-இல் வெளிவந்த தம் தொகுப்பில் சேர்த்த 'சர்ச் கோயிங்' என்னும் கவிதையை இங்கே நினைவுகூர்வது தகும். நம்பிக்கையற்ற ஒருவர், ஆளில்லாத கோயிலுக்குள் நுழைகிறார். வழிபடுவோர் முற்றிலும் அற்றுப்போனபின் இக்கட்டடங்கள் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கிறார். ஏளனத்தோடு தொடங்குகிற அவர் எண்ணம், பிறப்பும் மணமும் இறப்பும் ஒன்றுகூடிய இடம் இது என்னும் மதிப்பில் முடிகிறது. லார்கின் பக்தர் அல்லர். எனினும், கோயிலை அதன் மக்களோடு சேர்த்தே அவரால் நினைக்க முடிந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த கட்டடக் கலை இதழ்களால் அது இயலவில்லை. நம்பாத கவிஞருக்கு வாய்த்த மரியாதை, வியக்கும் விமர்சகருக்கு வாய்க்காமற் போனது நோக்கத்தக்கது.

மாடியில் ஒளிந்த கோயில்

இவ்விடுபட்ட வரலாற்றைத் தேடி அதே நாட்டின் பழைய ஏடுகளைப் புரட்டினால், நிகழ்ச்சி தலைகீழாகத் தெரிகிறது. 1578-இல் ஆம்ஸ்டர்டாம் நகர ஆட்சி சீர்திருத்தச் சபையினர் கைக்கு மாறியது. கத்தோலிக்கர் தம் கோயில்களை இழந்தனர். வெளிப்படையாக வழிபடும் உரிமையையும் இழந்தனர். அப்போது அவர்கள் செய்தது யாது? வீடுகளைக் கோயில்களாக்கினர். யான் ஹார்ட்மன் என்னும் வணிகர் 1661-இல் கால்வாய்க் கரையில் ஒரு வீட்டை வாங்கி, 1663-க்குள் அதன் மேல்மாடங்களை ஒன்றிணைத்து, பீடமும் மேடைத் தளங்களும் கொண்ட முழுக் கோயிலை உள்ளே ஒளித்துக் கட்டினார். தெருவிலிருந்து பார்ப்பவர்க்கு அது வெறும் வீடு. படியேறிச் செல்பவர்க்கு அது ஆண்டவரின் இல்லம். புனித நிக்கொலாசு பேராலயம் 1887-இல் திறக்கப்படும்வரை, இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அங்கே வழிபாடு நடந்தது. மறு ஆண்டு அது அருங்காட்சியகமாயிற்று. 'மாடியில் நம் ஆண்டவர்' என்னும் பொருள்பட்ட பெயரோடு இன்றும் காண்போரை வரவேற்கிறது.

இதை உட்ரெக்ட் வீட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளியே வீடு, உள்ளே கோயில்: அது 1663. வெளியே கோயில், உள்ளே வீடு: இது நம் காலம். கோயில் பறிக்கப்பட்டபோது டச்சுக் கத்தோலிக்கர் வீட்டைக் கோயிலாக்கினர். கோயில் தடையின்றிக் கிடைத்தபோது, அவர்களின் பேரப்பிள்ளைகள் அதை நிரப்ப வரவில்லை. 1853-இல் உரோமைத் திருச்சபையின் ஆயர் ஆட்சி அந்நாட்டில் மீண்டும் நிறுவப்பட்டபின் கோயில்கள் விரைந்து எழுந்தன. 1960-களுக்குப் பின் அதே விரைவில் வெறுமையாயின. அந்நாட்டுக் கத்தோலிக்கத் தலைவர்களே, ஒரு பத்தாண்டுக்குள் தங்கள் கோயில்களில் மூன்றில் இரண்டு பங்கு மூடப்படலாம் என்று 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதிப்பிட்டனர்.

யாழ்ப்பாணமும் தாம்பரமும்

டச்சுக்காரர் நமக்கு அந்நியர் அல்லர். பழவேற்காட்டிலும், தாம்பரத்துக்குத் தெற்கே கடலோரத்துச் சதுரங்கப்பட்டினத்திலும் அவர்கள் கட்டிய கோட்டைகளின் சிதைவுகள் இன்றும் நிற்கின்றன. 1658-இல் அவர்கள் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த கத்தோலிக்கக் கோயில்களைத் தம் சபைக்கு எடுத்துக்கொண்டனர், குருக்களை வெளியேற்றினர். ஆம்ஸ்டர்டாமில் கத்தோலிக்கருக்கு நேர்ந்தது தமிழ்க் கத்தோலிக்கருக்கும் நேர்ந்தது. அவர்கள் கண்ட விடையும் அதுவே: வீடு.

கோவாவில் பிறந்த புனித யோசேப் வாஸ் அடிகளார் 1687-இல் கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். தமிழ் கற்றார். சில்லாலையிலும் பிற ஊர்களிலும் பகலில் மறைந்திருந்து, இரவில் வீடு வீடாகச் சென்று திருப்பலி நிறைவேற்றினார். மேய்ப்பனின்றி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தும் அவ்வீடுகளில் செபம் அவிந்துவிடவில்லை. பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த மந்திரங்களே மறையைக் காத்தன. 1711-இல் கண்டியில் உயிர்நீத்த அவரை, 2015 சனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிசு புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அவ்வீடுகளைக் கட்டியவர் எவர், கூரை எத்துணை உயரம் என்று எந்தக் கட்டடக் கலை இதழும் எழுதாது. ஆனால், ஒரு திருச்சபை முழுவதும் அக்கூரைகளின் கீழ்தான் பிழைத்தது.

இன்னொரு டச்சுத் தொடர்பு நம் தாம்பரத்திலேயே இருக்கிறது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரத்திலிருந்து தாம்பரத்துக் காட்டுக்கு இடம் பெயர்ந்தது. மறு ஆண்டு திசம்பரில், புதிய அவ்வளாகத்தில் அனைத்துலக மறைபரப்பு மன்றத்தின் மாநாடு கூடியது. உலகெங்குமிருந்து ஏறத்தாழ 470 பேராளர் வந்தனர். அது சீர்திருத்தச் சபைகளின் மாநாடு. எனினும், 'தாம்பரம்' என்னும் நம் ஊர்ப் பெயர் அதன் வழியாகவே உலக இறையியல் நூல்களில் ஏறியது. அம்மாநாட்டுக்கென்று பெருநூல் ஒன்றை எழுதியவர் டச்சு நாட்டு அறிஞர் ஹென்றிக் கிரேமர். கிறித்தவம் அல்லாத உலகில் கிறித்தவச் செய்தி என்பது அந்நூலின் பொருள். கிறித்தவம் அல்லாத உலகு என்று அன்று கருதப்பட்டது இந்தியாவும் சீனமும்தான். அதே காலத்தில் சென்னையிலிருந்து செஞ்சையா, சக்கரை முதலானோர் 1938-இல் வெளியிட்ட மறுசிந்தனை நூல் வேறொன்றைக் கேட்டது: மேலை நாட்டுச் சபை அமைப்புகளை அப்படியே இங்கு நட வேண்டுமா? கிறித்துவை விட அமைப்பைப் பெரிதாக்குகிறோமா? அக்குழுவினரின் முடிவுகள் எல்லாவற்றையும் ஒரு கத்தோலிக்க வாசகர் ஏற்றுக்கொள்வது அரிது. திருச்சபையின் கட்டமைப்பை அவர்கள் மிக எளிதாக ஒதுக்கினர். ஆனால், அவர்கள் எழுப்பிய ஐயத்தின் ஆழம் உட்ரெக்டில் வெளிப்படுகிறது. எழுபது ஆண்டு இடைவெளியில், கிரேமரின் நாட்டில் கோயில் வீடாகிறது. அவர் வந்து பேசிய தாம்பரத்தில் வீடு கோயிலாகிறது.

வீடு கோயிலானபோது

தாம்பரத்தில் வீடு கோயிலாகிறது என்பது அணிக்காகச் சொன்னது அன்று. தென்புறநகர்ப் பங்குகள் பலவற்றின் தொடக்கத்தை அவற்றின் மூத்தோரைக் கேட்டால், ஏதோ ஒரு வீட்டின் கூடத்தைச் சொல்வார்கள். வாடகை வீட்டு முன்னறையில், மொட்டை மாடிக் கீற்றுக் கொட்டகையில், யாரோ ஒருவர் மனமுவந்து விட்டுத்தந்த வாகனக் கொட்டகையில் முதல் திருப்பலி நடந்திருக்கும். உணவு மேசை பீடமாயிற்று; பாய் விரித்த தரை கோயிலாயிற்று.

இது திருச்சபையின் பழைய வழியே. திருத்தூதர் காலத்துச் சபைகள் வீடுகளில் கூடியதைப் புதிய ஏற்பாடு பல இடங்களில் காட்டுகிறது. சிரியாவில் யூப்ரட்டீசு ஆற்றங்கரையில் உள்ள துரா யூரோப்போசு என்னும் பாழ்நகரில், 1930-களின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுத்த முற்றம் வைத்த வீடு ஒன்று இதற்குச் சான்று. ஏறத்தாழ 240-ஆம் ஆண்டளவில் அவ்வீட்டின் இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை நீக்கிக் கூடமாக்கி, இன்னோர் அறையில் திருமுழுக்குத் தொட்டி அமைத்து, சுவரில் நல்லாயன் உருவைத் தீட்டியிருந்தனர். நாம் அறிந்த மிகப் பழைய கிறித்தவ வழிபாட்டுக் கட்டடங்களுள் ஒன்று அது. பிறப்பில் அது ஒரு வீடு. நம் பக்கத்துச் சின்னமலையும் அத்தகையதே. புனித தோமையார் தங்கி வாழ்ந்த குகை என்று மரபு போற்றும் இடத்தின் மேல்தான் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் கோயில் எழுப்பினர். தங்குமிடம் முதலில், கோயில் பிறகு.

தமிழ்க் காப்பியமும் இதற்குத் துணை நிற்கிறது. வீரமாமுனிவர் 1726-இல் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட தேம்பாவணியை இயற்றியபோது, தம் காப்பியத் தலைவராக எவரைக் கொண்டார்? மன்னரை அன்று, மறைநூல் அறிஞரை அன்று, வளன் என்னும் தச்சரை, ஒரு சிறு வீட்டின் தலைவரை. காப்பிய மரபு வேண்டும் நாடும் நகரமும் அதில் உண்டு. ஆயினும், காப்பியத்தின் உயிர் நாசரேத்து வீட்டில்தான் இருக்கிறது. பெருங்காப்பியம் ஒன்றின் பாரத்தைத் தாங்க ஓர் எளிய வீடு போதும் என்று காட்டியது அவர் நூலின் பெருஞ்சாதனை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தபோது, தமிழ் வாசகனுக்கு அது புதிய கருத்தாகத் தோன்றியிருக்காது.

சட்டம் சொல்வது

பயனற்ற கோயிலைப் பற்றித் திருச்சபைச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அறிந்துகொள்வது நலம். 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1222-ஆம் எண், ஒரு கோயிலை வழிபாட்டுக்கு எவ்வகையிலும் பயன்படுத்த இயலாமலும் அதைச் செப்பனிட வழியில்லாமலும் போனால், இழிவல்லாத பொதுப் பயன்பாட்டுக்கு அதை ஆயர் விடலாம் என்கிறது. வேறு கனத்த காரணங்கள் இருப்பின், குருக்கள் மன்றத்தைக் கலந்து, அக்கோயிலில் உரிமை உடையோரின் இசைவையும் பெற்றே அதைச் செய்யலாம். ஆன்மாக்களின் நலன் கெடக் கூடாது. 1238-ஆம் எண் இன்னும் நுட்பமானது: கோயில் பொதுப் பயன்பாட்டுக்குப் போனாலும், பீடம் தன் அர்ச்சிப்பை அதனாலேயே இழப்பதில்லை. கட்டடம் தன் புனிதத்தைத் துறக்கலாம். பலி நடந்த கல் துறப்பதில்லை. 2018 நவம்பரில் உரோமையில் கூடிய ஆய்வரங்கம், கைவிடப்படும் கோயில்களைப் பற்றிய வழிகாட்டுதல்களை உருவாக்கியது. கடவுள் இனி இங்கே குடியிருக்கவில்லையா என்பதே அவ்வரங்கின் தலைப்பாக அமைந்தது. கோயிலை வீடு என்று எண்ணுகிற வழக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு அத்தலைப்பே சான்று.

சட்டத்தின் கண் கட்டடத்தையும் பீடத்தையும் மக்களின் ஆன்ம நலனையும் காண்கிறது. ஆனால், கோயில் வெறுமையாவதற்கு முன்னரே நிகழும் ஒன்றை எந்தச் சட்டமும் தடுத்தல் இயலாது. அது வீடுகளுக்குள் நிகழ்வது. மாலைச் செபம் நிற்கிறது. பிள்ளைக்குச் சிலுவை அடையாளம் இடக் கற்றுத் தருவது மறைக்கல்வி ஆசிரியரின் வேலை என்றாகிறது. நோயுற்ற அண்டை வீட்டாரைக் காணச் செல்வது பங்குக் குருவின் கடமை என்றாகிறது. ஒவ்வொன்றாக வீட்டிலிருந்து கோயிலுக்கு ஒப்படைக்கப்படுகின்றன. கடைசியில் கோயிலுக்குச் செல்வதும் விடுபடுகிறது. எல்லாவற்றுக்கும் இதுவொன்றே காரணம் என்று கூறிவிட முடியாதுதான். மேலை நாட்டில் மக்கள் இடம்பெயர்ந்தமை, குருக்கள் குறைந்தமை, பழைய கட்டடங்களைப் பேணும் செலவு ஆகியவையும் கோயில்களை மூடச் செய்தன. ஆயினும், ஆம்ஸ்டர்டாமின் மாடியையும் சில்லாலையின் குடிசைகளையும் பார்த்தபின், வேறொரு முடிவுக்கு வர இயலவில்லை: வீடுகள் கோயிலாக இருக்கும்வரை கோயிலைப் பறித்தும் பயனில்லை, வீடுகள் கோயிலாக இருப்பதை நிறுத்தியபின் கோயிலைக் காத்தும் பயனில்லை.

நம் கோயில்கள்

நம் ஊரில் கோயில்கள் வெறுமையால் அழிவதில்லை, நிறைவால் அழிகின்றன. சாந்தோமில் திருத்தூதரின் கல்லறை மேல் நின்ற பழைய போர்த்துக்கீசியக் கோயிலை 1893-இல் நீக்கிவிட்டுத்தான், 1896-இல் அர்ச்சிக்கப்பட்ட இன்றைய பேராலயத்தை எழுப்பினர். இன்றைய பேராலயத்தின் கோபுரத்தை வியக்கும் நாம், அதற்கு முன்னிருந்த கோயிலில் தலைமுறை தலைமுறையாக மண்டியிட்டவர்களை எத்துணை அறிவோம்? அப்பெருங்கோயிலுக்கே அந்நிலை என்றால், புறநகரின் ஓட்டுக் கூரைச் சிற்றாலயங்களின் நிலை என்ன? இடம் போதவில்லை என்று அவற்றை இடிக்கிறோம். இடிப்பது தவறன்று, மக்கள் மழையில் நிற்கலாகாது. ஆனால், புதிய கோயிலின் அர்ச்சிப்பு மலரைப் புரட்டினால், அடிக்கல் இட்ட நாள், நன்கொடையாளர் பெயர், கோபுரத்தின் உயரம், செலவிட்ட தொகை எல்லாம் இருக்கின்றன. பழைய கோயிலுக்கு ஒரு பழுப்பேறிய நிழற்படமும் இரண்டு வரிகளும். முதல் திருப்பலி நடந்த வீடு எது, அக்கூடத்தைத் துப்புரவு செய்து பாய் விரித்த பெண்மணி யார் என்பதைக் காணோம். உட்ரெக்ட் வீட்டின் வரலாற்றாசிரியர்களிடம் நாம் கண்ட குறையை, நம் மலர்களும் தவறாமல் செய்கின்றன. கல்லை எழுதுகிறோம், மக்களை விட்டுவிடுகிறோம்.

இக்குறையைத் தீர்க்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் பதிவேடுகள் இருக்க வேண்டும் என்பது சட்டம், அவை இருக்கின்றன. அவற்றின் பக்கங்களில் இருப்பவர்களுள் பலர் இன்னும் நம்மிடையே நடமாடுகிறார்கள். புகைவண்டி நிலையத்திலும் தோல் பதனிடும் கூடத்திலும் விமானப்படைத் தளத்திலும் பணியாற்ற வந்து, நெல்லையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வடாற்காட்டிலிருந்தும் தம் ஊர்ப் புனிதரின் சுரூபத்தைத் துணியில் சுற்றி எடுத்துவந்து, தாம்பரத்துச் செம்மண்ணில் குடியேறியவர்களின் நினைவே இப்பங்குகளின் மூலப்படி. அம்மூதாட்டிகளும் முதியவர்களும் இருக்கும்போதே பதிவுசெய்து கொள்ளாவிடில், நாளை எழுதுகிற எவர்க்கும் கூரையின் உயரம் மட்டுமே கிடைக்கும்.

அதைவிட முதன்மையானது ஒன்று. நம் பங்குகளில் அன்பியங்கள் வீடுகளில் கூடுகின்றன. வாரத்தில் ஒரு மாலை, ஒரு வீட்டின் நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கி, இருபது பேர் நெருங்கி அமர்ந்து இறைவார்த்தையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். பல இடங்களில் அது சடங்காகித் தேய்ந்திருக்கிறது என்பது உண்மை. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பூட்டிய கதவுகளும், தொலைக்காட்சித் தொடர்களும், இரவு வேலைநேரமும் அதைத் தளர்த்தியிருக்கின்றன. ஆயினும், ஆம்ஸ்டர்டாம் வணிகரின் மாடியும் சில்லாலையின் இரவுத் திருப்பலியும் எங்கே தொடர்கின்றன என்று கேட்டால், அந்த ஒதுக்கிய நாற்காலிகளைத்தான் காட்ட முடியும். புதிய கோயிலுக்குக் கொடுக்கிற கவனத்தில் ஒரு பங்கையேனும் அம்மாலைப் பொழுதுக்குக் கொடுப்பது நம் எதிர்காலத்துக்கான காப்பீடு.

உட்ரெக்ட் வீட்டைப் பற்றிய நம் தீர்ப்பு இதுவாக அமையலாம். கட்டடமாக அது மதிப்புக்குரியது. வரலாறாக அது குறையுடையது. எச்சரிக்கையாக அது பயனுடையது. அங்கே வாழ்பவர்மேல் நமக்கு வருத்தம் இல்லை. வண்ணக் கண்ணாடி வழியே காலை வெயில் அவர்கள் உணவு மேசையில் விழும்போது, அவர்களும் ஒரு கணம் அமைதி கொள்ளக்கூடும். நம் வருத்தமெல்லாம், அவர்கள் குடிபுகுமுன்பே அங்கிருந்து ஓசையின்றி வெளியேறியவர்களைப் பற்றியது. அவர்கள் ஒரே நாளில் வெளியேறவில்லை. வீடு வீடாக, மாலை மாலையாக வெளியேறினார்கள். நம் தெருவில் இன்று மாலை எத்தனை வீடுகளில் விளக்கின் முன் செபம் எழுகிறது என்று எண்ணிப் பார்த்தால், நம் கோயிலின் கணக்கு நமக்குத் தெரிந்துவிடும்.